சோதித்தவனே பிடிக்க வேண்டும்

எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. எந்த விதிப் புத்தகத்திலும் அது கிடையாது. தேடிப் பார்த்துவிட்டு யாரும் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். கயிற்றைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவன் யாரோ, வேலை நடக்கும்போது அந்தக் கயிற்றின் அடிமுனையை அவனேதான் பிடிக்க வேண்டும். அவனுக்குக் காய்ச்சல் என்றால் வேலை தள்ளிப் போகும். அவன் வீட்டில் சாவு என்றாலும் வேலை தள்ளிப் போகும். ஆள் மாறாது. இருபது வருடத்தில் ஒருமுறைகூட மாறியதில்லை, அந்தத் திங்கட்கிழமை வரை. மாற்றச் சொன்னவன் என் தங்கை புருஷன். சரி என்று தலையாட்டிய மடையன் நான்.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். வயல்வெளியில் வரிசையாகப் பெரிய இரும்புக் கோபுரங்கள் நிற்குமே, அந்த லைனை நிறுத்தாமலே பழுது பார்ப்பவர்கள் நாங்கள். நிறுத்தினால் ஆஸ்பத்திரி நிற்கும், தொழிற்சாலை நிற்கும், ரயில் நிற்கும் என்பார்கள். அதனால் லட்சக்கணக்கான வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான் மேலே போவேன். உலோக இழை நெய்த உடையைத் தலையிலிருந்து கால்வரை மாட்டிக்கொண்டு, மின்சாரம் கடத்தாத ஏணி வழியாகப் போய், அந்தக் கம்பியிலேயே உட்கார்ந்துவிடுவேன். கம்பியில் காக்கை உட்காருகிறதே, அதே கதைதான். தரையோடு தொடர்பு இல்லாதவரை ஒன்றும் ஆகாது.

ஆனால் கருவிகள் எனக்கு மேலே வந்தாக வேண்டும். அதற்காக என்னிடமிருந்து தரைவரை ஒரு கயிறு தொங்கும். மின்காப்புக் கயிறு. வெள்ளை நிறம், கட்டைவிரல் கனம். கீழே ஒருவன் அதன் அடிமுனையைப் பிடித்து ஏற்றி இறக்குவான். கயிறு சுத்தமாகவும் காய்ந்தும் இருக்கும்வரை மின்சாரம் அதில் இறங்காது. கொஞ்சம் அழுக்கும் கொஞ்சம் உப்பும் சேர்ந்து, அதன்மேல் காற்றின் ஈரமும் பட்டுவிட்டால் இறங்கும். இறங்கினால் முதலில் வாங்குபவன் கீழே நிற்பவன்தான்.

அதனால்தான் கயிற்றுக்கு அத்தனை சட்டம். அதைத் தரையில் போடக் கூடாது, தார்ப்பாய் விரித்து அதன்மேல்தான் வைக்க வேண்டும். வெறுங்கையால் தொடக் கூடாது, வியர்வை உப்பு ஒட்டும். மிதித்தால் போச்சு. வேறு எந்த வேலைக்கும் எடுக்கவே கூடாது. தண்ணீர் பட்டால் தனியே எடுத்து வைத்துச் சிவப்புச் சீட்டுக் கட்டிவிட வேண்டும். சோப்புப் போட்டுத் துவைப்பதைப் பற்றி விதிப் புத்தகம் எதுவும் சொல்லவில்லை. அந்த அளவுக்கு ஒருவன் போவான் என்று எழுதியவருக்குத் தோன்றியிருக்காது.

என் மாப்பிள்ளைதான் கயிற்று அறைக்குப் பொறுப்பு. தங்கையைக் கட்டுவதற்கு முன்பே பல வருடம் என்னோடு வேலை பார்த்தவன். நான் மேலே, அவன் கீழே. சோதனையில் தேறிய கயிற்றின் நுனியில் பச்சை நூலால் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவான். அந்தப் பச்சை நூலைப் பார்த்தால் நான் வேறு எதையும் பார்க்க மாட்டேன். ஒருநாள் வீட்டில் என் தங்கைக்கு மாப்பிள்ளை தேடும் பேச்சு வந்தபோது, ஜாதகம் கீதகம் எல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும், என் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கையைவிட நல்ல கை எங்கே கிடைக்கும் என்று நானே போய் அவனிடம் கேட்டேன். அம்மாவுக்கு அரைமனசுதான். நான்தான் ஒற்றைக்காலில் நின்று முடித்து வைத்தேன். இதையெல்லாம் நினைத்தால் இப்போது எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

கல்யாணத்தின்போது தங்கைக்கு ஒரு பீரோ வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். கண்ணாடி வைத்த, மூன்று கதவுப் பீரோ. இன்று நாளை என்று பன்னிரண்டு வருடம் இழுத்துவிட்டது. ஒவ்வொரு தடவை போகும்போதும் "அண்ணே, பீரோ நடந்து வருதா, உருண்டு வருதா?" என்று கேட்டுச் சிரிப்பாள். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வாரம்தான் வாங்கி அனுப்பினேன். வியாழக்கிழமை வந்து இறங்கியது. எனக்கு அன்று அலுவலக வேலை இருந்ததால் கூடப் போய் நிற்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். அவர்கள் இருப்பது இரண்டாவது மாடி. படிக்கட்டு, ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பினால்தான் போக முடியும் என்கிற மாதிரி. பீரோ படுக்கையறையில் ஜம்மென்று நின்றது. தங்கை அதன் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவு பெரிய சாமானை எப்படி மேலே ஏற்றினீர்கள் என்று கேட்டேன். நாலு ஆளை வைத்துப் படியில் ஏற்றினோம் என்றான் மாப்பிள்ளை. அந்தப் படியில் பீரோவா என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. பால்கனிக் கைப்பிடியில் ஒரு இடத்தில் பெயிண்ட் உரிந்து பள்ளமாகத் தேய்ந்திருந்ததையும் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். என் மாப்பிள்ளை என்னிடம் பொய் சொல்வான் என்று நினைக்க என் மூளையில் இடமே இல்லை. அன்று அவன் இரண்டு கையிலும் தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினான். கையில் ஒரு கோளாறும் இல்லை.

மறுநாள் காலை வேலை இடத்துக்கு வந்தபோது அவன் வலது மணிக்கட்டில் வெள்ளைத் துணிக் கட்டு.

காலையில் குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றிவிட்டதாகச் சொன்னான். எலும்பு முறிவோ என்று பயந்து, டாக்டரிடம் போயிருக்கலாமே என்று திட்டினேன். சுளுக்குதான், ஆனால் கயிற்றை இறுக்கிப் பிடிக்க முடியாது, கடிகாரம் பிடிக்கட்டும் என்றான். எங்கள் குழுவில் பதினைந்து வருடமாக இருப்பவருக்குத்தான் கடிகாரம் என்று பெயர். எட்டு மணி என்றால் எட்டுக்கு வருவார், எட்டு அடித்து ஒரு நிமிடம் ஆனால் நம்மை முறைப்பார். கயிறு பிடிக்கத் தெரிந்தவர். அவரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

குழுவுக்குத் தலைவன் நான். வேறு யார் கேட்டிருந்தாலும் தார்ப்பாயைச் சுருட்டுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லியிருப்பேன். அன்றைக்கு லைனை நிறுத்த முடியாது, கம்பியைத் தாங்குகிற பீங்கான் வட்டு உடைந்திருக்கிறது, அதை உடனே மாற்றியாக வேண்டும் என்று இன்ஜினியர் மேடம் இரண்டு முறை போன் செய்திருந்தார். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் பெரிய காரணம் அதுவல்ல. கேட்டவன் என் மாப்பிள்ளை. சரி, இன்னைக்கு ஒருநாள் என்றேன்.

கயிறு பிடிப்பவன் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. கடிகாரம் மோதிரத்தைக் கழற்றிக் கருவிப் பெட்டியில் போட்டார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றினார். அதைக் கழற்றி நாங்கள் பார்ப்பதே அபூர்வம். மாப்பிள்ளையிடம் நீட்டி, "பத்திரம்பா. முடிஞ்சதும் குடு" என்றார். மாப்பிள்ளை இடது கையால் வாங்கி மேல்பையில் போட்டுக்கொண்டான். வாங்கும்போது கை நடுங்கவில்லை. அதை நான் நன்றாகப் பார்த்தேன்.

முந்தின இரவு தூறியிருந்தது. காலையில் மூடுபனி விலகி, காற்றின் ஈரத்தை அளந்து பார்த்தபோது எல்லைக்குள்தான் இருந்தது, ஆனால் ஓரத்தில். செய்யலாம் என்று முடிவெடுத்தோம். தார்ப்பாய் விரித்தாயிற்று. நான் உடையை மாட்டிக்கொண்டேன். கயிற்றுப் பையின் வாய் சரியாகக் கட்டியிருந்தது. சீட்டில் வெள்ளிக்கிழமைத் தேதி, மாப்பிள்ளையின் கையெழுத்து. நுனியில் பச்சை நூல், மூன்று சுற்று.

மேலே போவதற்கு முன் கயிற்றை முழு நீளமும் சுத்தமான கையுறை போட்ட கையில் ஓடவிட்டு நான் ஒருமுறை பார்ப்பேன். சந்தேகத்தில் அல்ல, பழக்க தோஷம். பாதி ஓடியிருக்கும். ஒரு வாசனை வந்தது. எலுமிச்சை வாசனை.

சத்தியமாக முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. நல்ல வாசனையாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். எங்கேயோ முகர்ந்த வாசனை. போன மாதம் தங்கை வீட்டில் தங்கி, சட்டை நனைந்துவிட்டதென்று மாப்பிள்ளையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேனே, அன்று முழுக்க என்னோடு வந்த வாசனை. குழந்தையைத் தூக்கினால் கவுனில் வருகிற வாசனை. தங்கை கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு துணி பவுடரைத்தான் வாங்குகிறாள். வேறு எதுவும் அவளுக்கு ஆகாது.

கயிற்றைத் தார்ப்பாயில் வைத்தேன். பால்கனிக் கைப்பிடியில் உரிந்திருந்த பெயிண்ட் ஞாபகம் வந்தது. பள்ளத்தின் அகலம், என் கட்டைவிரல் அகலம்.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். கயிற்றில் என்ன வாசனை என்று கேட்டேன். புதுப் பை வாங்கினோம், அதன் வாசனையாக இருக்கும் என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, கயிற்றைத்தான் பார்த்தான். சோதித்தாயா என்றேன்.

"வெள்ளிக்கிழமை ஒவ்வொரு அடியா சோதிச்சேன் மச்சான். தேறிடுச்சு. புள்ளைங்க மேல சத்தியமா தேறிடுச்சு."

அதுதான் கொடுமை. அவன் சொன்னது உண்மை. ஒரு பகல் முழுக்க வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த கயிறு, காய்ந்த அறையில் தேறத்தான் செய்யும். இழைக்குள் தங்கிவிட்ட சோப்பு, காற்றில் ஈரம் இருக்கும்போதுதான் தன் வேலையைக் காட்டும். இது எனக்குத் தெரியும். என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும், புதிதாக வருபவர்களுக்கு வகுப்பு எடுப்பவனே அவன்தான்.

கயிறு பிடிக்க மாட்டியிருந்த கையுறைகளைக் கடிகாரத்திடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தார். அதை மாப்பிள்ளையிடம் நீட்டினேன்.

"தேறிடுச்சுல்ல. அப்ப நீயே பிடி."

"கை சுளுக்கு மச்சான்."

"இடது கையால பிடி. இறுக்க வேணாம். சும்மா தொட்டுக்கிட்டு நில்லு. கனமா எதையும் ஏத்த மாட்டேன்."

அவன் கையுறையை வாங்கவில்லை. காற்றடித்துத் தார்ப்பாயின் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டது. நான் கையை நீட்டியபடியே நின்றேன். இத்தனை வருடம் என் உயிரைப் பிடித்த கை. அதை அவன் கட்டுப் போட்ட கையின் அடியில் ஒளித்துக்கொண்டான். அடப்பாவி, வாங்கிவிடு, வாங்கிவிடு என்று எனக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவன் வாங்கி அந்தக் கயிற்றின் அடியில் நின்றிருந்தால், வாசனையாவது மண்ணாவது என்று நான் ஏணியில் ஏறியிருந்தாலும் ஏறியிருப்பேன்.

"வேற கயிறு எடுத்துக்கலாம் மச்சான்" என்றான்.

கடிகாரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். நேராக மாப்பிள்ளையிடம் வந்து, கையை நீட்டினார். மாப்பிள்ளை மேல்பையிலிருந்து கைக்கடிகாரத்தை எடுத்துக் கொடுத்தான். அவர் அதைக் கையில் கட்டிக்கொண்டு, போய் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வேலை அன்றைக்கு நின்றது.

மாப்பிள்ளையை வண்டிக்குப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். மென்று முழுங்கி எல்லாவற்றையும் சொன்னான். பீரோ படியில் ஏறவில்லை. கடைக்காரர்கள் வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மழை வருகிற மாதிரி இருந்தது. அண்ணன் வாங்கிக் கொடுத்தது நனைந்துவிடுமே என்று தங்கை ஒரே புலம்பல். கயிற்று அறைச் சாவி இவனிடம் இருந்தது. நம்மிடம் இருப்பதிலேயே உறுதியான கயிறு அதுதானே, ஒரு மணி நேரத்து வேலைதானே என்று எடுத்துப் போயிருக்கிறான். பால்கனி வழியாக இழுத்து ஏற்றிவிட்டார்கள். ஏற்றி முடித்ததும் கயிறு நழுவிக் கீழே சாக்கடையில் விழுந்தது. அழுக்கோடு திருப்பி வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் பவுடர் போட்டு ஊறவைத்து, அலசி, மொட்டைமாடியில் காயவைத்தார்கள்.

சிவப்புச் சீட்டுக் கட்டியிருக்கலாமே என்றேன். எப்படி நனைந்தது என்று மேடம் கேட்பாரே, என்ன சொல்வேன் என்றான். அடுத்த மாதம் கயிற்றுப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் பதவி வருகிறது, அவன் பெயர்தான் முதலில். எனக்கும் அது தெரியும். அவன் பெயரை எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

"வர்ற வழியில கயிறு நனைஞ்சிடுச்சுன்னு எழுதிடுங்க மச்சான். உங்க தங்கச்சி முகத்துக்காக."

நம்ப மாட்டீர்கள், நான் எழுதப் பேனாவை எடுத்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, கயிறு மேலே போகவே இல்லையே என்று மனசு சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிட்டது. சொந்தம் என்றால் புத்தி எவ்வளவு வேகமாக வளைகிறது பாருங்கள். தேதியும் இடமும் எழுதிவிட்டேன். அப்போதுதான் அவன் மணிக்கட்டைச் சரியாகப் பார்த்தேன். கட்டின் நுனி இரண்டாகக் கிழித்து, ஒன்றை மற்றொன்றுக்குள் நுழைத்து, உள்ளே மடித்துச் செருகியிருந்தது. சின்ன வயதில் நான் மரத்திலிருந்து விழுந்தபோதெல்லாம் அப்படிக் கட்டிவிட்டவள் என் தங்கை. தனியாக ஒரு கையால் அந்த முடிச்சைப் போட முடியாது.

"சுளுக்கே இல்லைன்னு அவளுக்குத் தெரியுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி சொன்னான். "உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சுதான் மச்சான். நீங்க மேலதான இருப்பீங்க. உங்களுக்குன்னா விட்டிருப்பேனா?"

நான் பேனாவை மூடிப் பையில் வைத்தேன். அவனை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் மேடத்திடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் ஒரு சின்ன அறையில் கொதிக்கிற தண்ணீர் வைத்துக் கதவை மூடி, கயிற்றை அரை மணி நேரம் தொங்கவிடச் சொன்னார். பிறகு அதைச் சோதனைக் கருவியில் பூட்டி மின்னழுத்தத்தை ஏற்றினோம். பாதிகூட ஏற்றவில்லை, முள் கடைசிக் கோடுவரை போய் அடித்து நின்றது, கருவி தானாக அணைந்துவிட்டது. பக்கத்தில் தொங்கவிட்டிருந்த இன்னொரு கயிற்றுக்கு முள் லேசாக அசைந்ததோடு சரி. மாப்பிள்ளை சுவரோரமாக நின்று திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான். அறிக்கையை அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். வியாழக்கிழமை, பீரோ, சாக்கடை, சோப்புப் பவுடர், பொய்க் கட்டு எல்லாம். ஆளை மாற்றச் சம்மதித்தது நான் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தபோது கடிகாரம் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தார். எனக்காகத்தான் காத்திருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியாது என்றேன். வாசனை வந்த பிறகுதான் என்றேன். அவர் நம்பினாரா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்குப் போனியாமே. பீரோவையும் பாத்தியாமே."

பார்த்தேன். படியையும் பார்த்தேன். உரிந்த பெயிண்டையும் பார்த்தேன். அதெல்லாம் எனக்கு அப்போது ஒன்றோடு ஒன்று சேரவில்லை என்று சொன்னால், எனக்கே அது நொண்டிச் சாக்காகக் கேட்கிறது.

"சுளுக்குன்னு நான் சொல்லி, அவன் பிடிக்கட்டும்னு கேட்டிருந்தா ஆளை மாத்தியிருப்பியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டடி போய், திரும்பினார். "இனிமே நான் பிடிக்கற கயித்தை நானே சோதிச்சுக்கறேன். உன் சொந்தக்காரங்க யாரும் தொட வேணாம். நீயும்தான்." கோபமாகச் சொல்லவில்லை, மணி சொல்கிற மாதிரி சொன்னார். பதினைந்து வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்ற மனிதர். அவர் போகிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன்.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை இன்னும் திரும்பியிருக்கவில்லை. போனில் எல்லாம் சொல்லியிருப்பான் போல. கதவைத் திறந்தவள், வா என்றுகூடச் சொல்லாமல் உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன். பீரோவுக்கு முன்னால் நின்றாள். கண்ணாடியில் அவள் முகமும், அதற்குப் பின்னால் என் முகமும் தெரிந்தன. எங்கள் இரண்டு பேருக்கும் அம்மாவின் மூக்கு.

"கட்டு நீதானே போட்ட?"

"ஆமா."

"என்ன சொல்லிப் போடச் சொன்னான்?"

"கயித்துமேல சந்தேகமா இருக்கு, இன்னைக்கு ஒருநாள் பிடிக்காம இருந்துட்டா போதும்னார்." பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "நான் ஒண்ணும் சும்மா கட்டிவிடல அண்ணே. எங்க அண்ணன் மேல இருப்பாரே, அவருக்கு என்னாகும்னுதான் முதல்ல கேட்டேன். மேல இருக்கறவங்களுக்கு ஒண்ணுமே ஆகாதுன்னு என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணினார். அதுக்கப்புறம்தான் கட்டினேன்."

பெருமையாகச் சொன்னாள். எனக்காகச் சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதற்கு நான் அவளைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறாள். அந்த நீளத்துக் கயிறு பற்றிக்கொண்டால் நெருப்பு எந்தப் பக்கம் பாயும் என்று எவனாலும் சொல்ல முடியாது. மேலே இருப்பவனும் கருகிப் போவான். வகுப்பு எடுப்பவனுக்கு இது தெரியாதா? அதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் அவனோடுதான் வாழ வேண்டும்.

"கீழ நிக்கறவன்?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் புரியாமல் பார்த்தாள். உண்மையிலேயே புரியவில்லை. யோசித்துவிட்டு, "அவர் நமக்கு யாரு அண்ணே?" என்றாள்.

அவள் கல்யாணத்தன்று பந்தல் சரிந்தபோது, அரை மணி நேரம் கம்பத்தைத் தோளில் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர் கடிகாரம். அது வாய்வரை வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். மாப்பிள்ளை கழுத்தை அறுத்தான், சரி, அவன் வெளியே இருந்து வந்தவன். இவள் என்னோடு ஒரு வயிற்றில் பிறந்தவள். என்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு இவள் செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ரிப்போர்ட் எழுதிவிட்டாயா என்று கேட்டாள். எழுதிவிட்டேன் என்றேன். வேலை போய்விடுமா என்றாள். போகலாம், கயிற்றை இனி அவன் தொடவே முடியாது, அது நிச்சயம் என்றேன். அவள் பீரோக் கதவுகளைப் படார் படாரென்று திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த துணிகளை எல்லாம் அள்ளிக் கட்டிலில் எறிந்தாள். குழந்தையின் கவுன்கள், மாப்பிள்ளையின் சட்டைகள், அவளுடைய புடவைகள். அறை முழுக்க எலுமிச்சை வாசனை. மூன்று கதவும் திறந்து காலியாக நின்ற பீரோவைக் கையால் என் பக்கம் தள்ளுகிற மாதிரி ஒரு தட்டுத் தட்டினாள்.

"தங்கச்சி குடும்பத்தைவிட எவனோ ஒருத்தன் பெருசாப் போயிட்டான்ல. இதையும் எடுத்துட்டுப் போயிடு. எனக்கு வேணாம்."

"படியில இறங்காது."

"எப்படி ஏறிச்சோ அப்படியே இறக்கு. பால்கனி வழியா கயித்தைக் கட்டி இறக்கு."

நான் பால்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தேன். சாக்கடை ஓரமாக ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. பெயிண்ட் உரிந்த பள்ளத்தில் என் கட்டைவிரலை வைத்தேன். சரியாகப் பொருந்தியது. உள்ளே அவள் தேம்பித் தேம்பி அழும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே கேட்டேன்.

"இறக்கலாம். கீழ யாரை நிக்க வைக்கிறது, பாப்பா?"